இல்லாத நொதியை வளர்த்தெடுத்த கதை: டேவிட் லியூவின் ஆய்வுப் பாதை

மரபணுத் திருத்தம் என்றதும் பேச்சு நேராகக் கிரிஸ்பருக்குப் போய்விடுகிறது. ஜெனிஃபர் டௌட்னாவும் இமானுவேல் ஷார்பான்டியேயும் 2012-இல் வெளியிட்ட கட்டுரை, 2020-இல் இருவருக்கும் கிடைத்த வேதியியல் நோபல் என்று கதை ஒரே தடத்தில் ஓடும். அந்தக் கதையில் குறையொன்றும் இல்லை. முந்நூறு கோடி எழுத்துகள் கொண்ட மனித மரபணுத் தொகுப்பில் வேண்டிய இடத்தைத் தேடிப் பிடிப்பதை கிரிஸ்பரின் காஸ்9 என்ற புரதம் எளிதாக்கிவிட்டது. ஆனால் இடத்தைப் பிடித்த பிறகு அங்கே என்ன செய்வது? காஸ்9-க்குத் தெரிந்த ஒரே வேலை வெட்டுவது. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வேண்டியது வெட்டு அல்ல.

இந்த இடைவெளியில் வேலை செய்தவர்களில் ஒருவர் டேவிட் லியூ. ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் பிராட் நிறுவனத்திலும் ஆய்வுக்கூடம் நடத்துபவர். 2025-இல் உயிர் அறிவியலுக்கான பிரேக்த்ரூ பரிசு பெற்றவர். செய்திகளில் அவரை மரபணுத் திருத்தத்தின் ஆள் என்றே எழுதுகிறார்கள். அவர் வெளியிட்ட கட்டுரைகளை வரிசைப்படி வாசித்தால் வேறொரு படம் கிடைக்கிறது. அடிப்படையில் அவர் புரதங்களைப் பழக்குபவர். ஒரு புரதத்துக்குத் தெரியாத வேலையை, அதன் வாழ்வா சாவா என்ற நிலைக்குத் தள்ளிக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அந்தத் தொழில் போய்ச் சேர்ந்த ஓர் இடம்தான் மரபணுத் திருத்தம். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கோணத்தில்தான் போகப்போகிறது.

தொடக்கம்

பிறந்தது 1973, கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு. ஹார்வர்டில் இளநிலைப் படிப்பின்போது நோபல் பெற்ற கரிம வேதியியலாளர் ஈ. ஜே. கோரியின் ஆய்வகத்தில் வேலை. பிறகு பெர்க்லியில் பீட்டர் ஷுல்ட்ஸிடம் முனைவர் பட்டம். 1999-இல் பட்டம் முடிந்த கையோடு, முதுமுனைவர் ஆய்வு எதுவும் செய்யாமல், ஹார்வர்டிலேயே உதவிப் பேராசிரியர்.

இதில் நின்று பார்க்க வேண்டியது ஷுல்ட்ஸின் ஆய்வகம். உயிர்கள் எல்லாம் இருபது அமினோ அமிலங்களை வைத்துப் புரதம் செய்கின்றன. இருபத்தோராவதாக, இயற்கையில் புரதத்துக்குள் வராத ஒன்றை ஒரு பாக்டீரியாவை ஏற்கவைக்க முடியுமா என்பது அங்கே கேள்வி. அதற்கு ஒரு கடத்து ஆர்.என்.ஏ-வும் அதில் அமினோ அமிலத்தை ஏற்றிவிடும் நொதியும் சேர்ந்து தங்கள் பழைய குணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். காகிதத்தில் வரைந்து வடிவமைத்துச் சாதிக்கக்கூடிய காரியம் அல்ல இது. ஆயிரக்கணக்கான மாற்று வடிவங்களை உண்டாக்கி, எது வேலை செய்கிறதோ அதை மட்டும் பிழைக்கவிட வேண்டும். லியூ அந்த வேலையை முடித்துவைக்கவில்லை, பாதி வழிக்குக் கொண்டுபோனார். 1999-இல் வந்த அவர்களது கட்டுரையின் தலைப்பே 'முன்னேற்றம்' என்றுதான் அடக்கமாகச் சொல்கிறது. ஆனால் அந்தக் கைப்பழக்கம் அவரோடு வந்தது.

நடுவில் டி.என்.ஏ-வை அச்சாக வைத்து வேதிப்பொருள்களைத் தயாரிக்கும் முறையில் சில ஆண்டுகள் போயின. அதுவும் நல்ல வேலைதான். இங்கே அதற்கு இடமில்லை.

ஓடும் காயல்

2011-இல் வந்தது, என் பார்வையில் இந்தப் பாதையின் முதல் திருப்பம். கெவின் எஸ்வெல்ட் என்ற ஆய்வு மாணவருடன் சேர்ந்து உருவாக்கிய இந்த முறைக்கு ஆங்கிலச் சுருக்கம் 'பேஸ்'. ஃபேஜ் துணையோடு இடைவிடாமல் நடக்கும் படிமலர்ச்சி என்று விரித்துச் சொல்லலாம்.

வழக்கமான முறையில் ஒரு புரதத்தைப் பழக்க, மரபணுவைச் சிதைத்துப் பல வடிவங்கள் செய்ய வேண்டும், பாக்டீரியாவுக்குள் ஏற்ற வேண்டும், தேர்ந்தெடுக்க வேண்டும், தேறியதைப் பிரித்தெடுத்து மறுபடி சிதைக்க வேண்டும். ஒரு சுற்றுக்குப் பல நாள் ஆகும். இயற்கை இப்படி மூச்சு வாங்கிக்கொண்டு வேலை செய்வதில்லை.

எம்13 என்ற ஃபேஜ் ஈ. கோலை பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ். அது அடுத்த செல்லுக்குள் நுழைய பி-3 என்ற புரதம் கட்டாயம் வேண்டும். அந்தப் புரதத்துக்கான மரபணுவை ஃபேஜிலிருந்து உருவிவிட்டு, அந்த இடத்தில் பழக்க வேண்டிய புரதத்தின் மரபணுவை வைத்தார்கள். உருவியதைப் பாக்டீரியாவுக்குள் வைத்து ஒரு பூட்டுப் போட்டார்கள். ஃபேஜ் சுமந்துவரும் புரதம் நாம் விரும்பும் வேலையைச் செய்தால் பூட்டு திறக்கும், பி-3 உருவாகும், ஃபேஜின் வாரிசுகள் தொற்றும் திறனோடு பிறக்கும். வேலையைச் செய்யாவிட்டால் வாரிசுக்கு வழியில்லை.

இதெல்லாம் நடப்பது ஒரு கண்ணாடிக் குடுவையில். ஆய்வகத்தில் அதற்கு 'லகூன்' என்று பெயர்; நம் சொல்லில் காயல். ஒரு பக்கம் புதிய பாக்டீரியாக்கள் வந்துகொண்டே இருக்கும், மறுபக்கம் வழிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். பாக்டீரியா இரண்டாகப் பிரிய எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் அது வெளியே அடித்துச் செல்லப்பட்டுவிடும். ஆகவே பாக்டீரியா மாற முடியாது, குறுக்கு வழியில் ஏமாற்றவும் முடியாது. ஃபேஜ் மட்டும் அந்த ஓட்டத்தை மிஞ்சி வேகமாகப் பெருக முடியும். பெருகத் தகுதியில்லாத ஃபேஜ் கழிவுக் குழாயில் போய்விடும். குழாயின் ஓட்டத்தைக் கூட்டினால் தேர்வு கடுமையாகும், குறைத்தால் இளகும். முதல் கட்டுரையில் ஆர்.என்.ஏ தயாரிக்கும் ஒரு நொதியை, அது அடையாளம் காணும் தொடக்கக் குறியையே மாற்றிக்கொள்ளும்படி ஒரு வாரத்துக்குள் பழக்கிக் காட்டினார்கள்.

ஆனால் இந்தக் காயலுக்கு ஒரு பலவீனம் உண்டு. பழக்க வேண்டிய புரதத்துக்குத் தொடக்கத்திலேயே துளியாவது அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். சுத்தமாகத் தெரியாவிட்டால் ஃபேஜ் முழுவதும் முதல் சில மணி நேரத்திலேயே அடித்துச் செல்லப்பட்டுவிடும், காயல் காலியாகிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று விகாரம்

தமிழ் இலக்கணத்தில் புணர்ச்சி விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். ஓர் எழுத்து புதிதாக வரும், அல்லது வேறொன்றாக மாறும், அல்லது மறைந்துபோகும். இலங்கைப் பாடநூல்களில் மியூட்டேஷனுக்கு விகாரம் என்றே பெயர். நம்மூர்ப் புத்தகங்களின் 'சடுதிமாற்ற'த்தை விட எனக்கு அது பிடித்த சொல். மரபணுவில் நடக்கும் பிழைகளும் இந்த மூன்று வகைக்குள்தான் வரும்.

காஸ்9 டி.என்.ஏ-வின் இரண்டு இழைகளையும் அறுத்ததும், செல் பதறியடித்து முனைகளை ஒட்டுகிறது. ஒட்டும் அவசரத்தில் சில எழுத்துகள் விடுபடும், சில கூடிவிடும். அதாவது கெடுதலும் தோன்றலும். மரபணு மும்மூன்று எழுத்தாக வாசிக்கப்படுவதால் ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ அதற்குப் பின் வரும் எல்லாமே குழம்பிவிடும். ஒரு மரபணுவை முடக்கிப்போட இது போதும். ஆனால் தெரிந்த மரபணு நோய்களுக்குக் காரணமான மாற்றங்களில் மிகப் பெரிய பங்கு ஓர் எழுத்துத் திரிதல். மழை என்று இருக்க வேண்டிய இடத்தில் மலை என்று விழுந்திருக்கிறது. அதைச் சரிசெய்யச் சொல்லைக் கிழித்து ஒட்டுவது வழியல்ல. சரியான பிரதியைக் கூடவே கொடுத்து, செல் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும் என்று காத்திருக்கும் முறை உண்டு. ஆனால் பிரியாமல் நிற்கும் செல்களில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. உடம்பில் பெரும்பாலான செல்கள் அப்படி நிற்பவைதான்.

வெட்டே ஆபத்து என்பது பிறகு இன்னும் தெளிவானது. 2018-இல் வெட்டிய இடத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான எழுத்துகள் காணாமல் போவதைக் காட்டினார்கள். அதே ஆண்டு, சேதம் கண்டால் செல்லின் பெருக்கத்தை நிறுத்தும் பி53 என்ற காவல் புரதத்தை வெட்டு எழுப்பிவிடுகிறது என்ற தகவலும் வந்தது.

முதல் எடிட்டர்

டி.என்.ஏ-வின் எழுத்துகள் நான்கு: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். எதிரெதிர் இழைகளில் அடினினோடு தைமினும் குவானினோடு சைட்டோசினும் ஜோடி சேரும். லியூவின் ஆய்வகத்துக்கு முதுமுனைவர் ஆய்வாளராக வந்த அலெக்சிஸ் கோமோர் எடுத்துக்கொண்டது சைட்டோசினைத் தைமினாகத் திரிப்பது. 2016 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் கட்டுரையை நான் மாணவர்களுக்கு அடிக்கடி கொடுப்பேன். ஒரு தடை, அதற்கொரு மருந்து, அடுத்த தடை என்று அது படிப்படியாகப் போகும்.

வேதியியல் எளிது. சைட்டோசினிலிருந்து ஓர் அமீன் தொகுதியை நீக்கினால் அது யுராசில் ஆகிவிடும். நகலெடுக்கும் நொதிகள் யுராசிலைத் தைமினாகவே வாசிக்கும். இதைச் செய்யும் நொதிகள் இயற்கையில் ஏற்கெனவே உண்டு. எலியின் அப்போபெக்1 அதில் ஒன்று. வெட்டும் திறன் முழுவதையும் பிடுங்கிய காஸ்9-இன் தலையில் அதை ஒரு நெகிழ்வான இணைப்பால் ஒட்டினார்கள். காஸ்9 தனக்கு இடம் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ-வோடு போய் உட்காரும்போது டி.என்.ஏ-வின் ஒரு இழை விலகித் தனியே தொங்கும். அந்தத் தொங்கும் இழையில் ஏறக்குறைய ஐந்து எழுத்து அகலமுள்ள ஒரு ஜன்னல். அப்போபெக்1 அந்த ஜன்னலுக்குள் எட்டுகிற சைட்டோசினைத் தொடும்.

சோதனைக் குழாயில் நன்றாக வேலை செய்தது. மனித செல்லுக்குள் போனதும் 8 சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை. காரணம் செல்லின் கண்காணிப்பு. சைட்டோசின் தானாகவே சிதைந்து யுராசிலாவது ஒவ்வொரு செல்லிலும் நாளொன்றுக்குச் சில நூறு முறை நடக்கிறது. அதைப் பொறுக்கி எறிய ஒரு நொதி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாம் சிரமப்பட்டு எழுதிய யுராசிலையும் அது அழித்துவிடுகிறது.

இதற்கு மருந்து ஒரு வைரஸிடம் இருந்தது. பேசில்லஸ் பாக்டீரியாவைத் தொற்றும் பி.பி.எஸ்.1 என்ற ஃபேஜ், தன் டி.என்.ஏ-வில் தைமினுக்குப் பதில் யுராசிலையே பயன்படுத்தும் விசித்திரப் பிறவி. பொறுக்கும் நொதியிடமிருந்து தப்ப, அந்த நொதியின் வாயை அடைக்கும் சிறு புரதம் ஒன்றை அது வைத்திருக்கிறது. அந்தப் புரதத்தையும் சேர்த்து ஒட்டியதும் திறன் ஏறத்தாழ மூன்று மடங்கு உயர்ந்தது.

மூன்றாவது படி இன்னும் நுட்பம். ஒரு இழையில் யுராசில், எதிர் இழையில் பழைய குவானின், பொருந்தாத ஜோடி. செல் எதைத் திருத்தும்? புதிதாக எழுதப்பட்டது போலத் தெரியும் இழையைத்தான். எனவே காஸ்9-இன் இரண்டு கத்திகளில் ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்து, திருத்தப்படாத எதிர் இழையில் லேசாக ஒரு கீறல் போட வைத்தார்கள். கீறிய இழைதான் சந்தேகத்துக்குரியது என்று செல் நம்பி, அதை மாற்றி எழுதுகிறது. திறன் 37 சதவீதம் வரை போனது. இரண்டு இழையும் ஒருசேர அறுபடவே இல்லை. இந்த ஒட்டுப் புரதம்தான் சைட்டோசின் எடிட்டர்.

அதே ஆண்டு ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் கெய்ஜி நிஷிதா, அகிஹிகோ கோண்டோ குழு வேறொரு நொதியை வைத்துத் தனியாகவே இதே முடிவுக்கு வந்தது. பத்திரிகைச் செய்திகளில் இந்தப் பெயர்கள் வருவது அரிது.

அடினின்: நொதியே இல்லாத இடம்

சைட்டோசின் சிதைவு தினமும் நடக்கிறது என்றேன் அல்லவா? அதனாலேயே மனிதர்களிடம் தெரிந்த நோய் தரும் ஒற்றை எழுத்து மாற்றங்களில் ஏறத்தாழப் பாதி, சைட்டோசின் தைமினாகத் திரிந்ததால் வந்தவை. அதைத் திருப்ப வேண்டுமானால் எதிர்த் திசை வேண்டும்: அடினின்-தைமின் ஜோடியைக் குவானின்-சைட்டோசின் ஜோடியாக்க வேண்டும். கோமோரின் எடிட்டர் இதற்கு எதிர்த் திசையில் மட்டுமே போகும். அதாவது, இயற்கை செய்யும் பிழையையே நாமும் செய்து காட்டும் கருவிதான் அது.

அடினினிலிருந்து அமீனை நீக்கினால் இனோசின் வரும். நகலெடுக்கும் நொதி அதைக் குவானினாக வாசிக்கும். வேதியியலில் இங்கும் சிக்கலில்லை. சிக்கல் என்னவென்றால், டி.என்.ஏ-வில் உள்ள அடினினை இப்படி மாற்றும் நொதி எதுவும் இயற்கையில் அறியப்படவில்லை. ஆர்.என்.ஏ-வில் செய்யும் நொதிகள் உண்டு. இன்னொரு முதுமுனைவர் ஆய்வாளரான நிக்கோல் காடெல்லி அவற்றில் சிலவற்றை எடுத்துக் காஸ்9-இல் ஒட்டிப் பார்த்தார். மனித செல்லில் கண்டறியக்கூடிய திருத்தம் ஒன்றுகூட இல்லை.

ஆய்வகத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த நிலைமையின் கனம் தெரியும். ஏதோ கொஞ்சம் வேலை செய்வதை மேம்படுத்துவது ஒரு ரகம். பூஜ்யத்திலிருந்து தொடங்குவது வேறு ரகம். எத்தனை மாதம் உழைத்தாலும் பூஜ்யத்திலேயே நிற்கலாம். காயலும் இங்கே உதவாது, மேலே சொன்ன அதே காரணத்தால்.

காடெல்லி தேர்ந்தெடுத்தது ஈ. கோலையின் டாட்-ஏ என்ற நொதி. கடத்து ஆர்.என்.ஏ ஒன்றின் வளைவில் இருக்கும் ஒரே ஒரு அடினினை இனோசினாக்குவதுதான் அதன் வாழ்நாள் வேலை. அது இல்லாவிட்டால் பாக்டீரியா பிழைக்காது.

தேர்வு இப்படி. குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணு ஒன்றை எடுத்து, அதில் ஓர் எழுத்தைக் கெடுத்துச் செயலிழக்க வைத்தார்கள். அந்த இடத்தில் அடினின் குவானினானால் மட்டுமே மரபணு உயிர்பெறும். இந்த உடைந்த மரபணுவும், அதைக் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ-வும் உள்ள பாக்டீரியாக்களுக்குள், கண்டபடி சிதைக்கப்பட்ட டாட்-ஏ வடிவங்களைக் காஸ்9-ஓடு ஒட்டி ஏற்றினார்கள். செல்லுக்கு ஒரு வடிவம். பிறகு குளோராம்ஃபெனிகால் கலந்த தட்டில் ஊற்றினார்கள். டாட்-ஏ தன் பழக்கத்தை விட்டு டி.என்.ஏ-வைத் தொட்டால் அந்தச் செல் பிழைத்து, தட்டில் ஒரு புள்ளியாக வளரும். தொடாவிட்டால் சாகும்.

சில புள்ளிகள் வளர்ந்தன. அவற்றின் டாட்-ஏ-வை வரிசைப்படுத்திப் பார்த்தபோது இரண்டு இடங்கள் திரும்பத் திரும்ப வந்தன: 106-ஆம் அமினோ அமிலமும் 108-ஆம் அமினோ அமிலமும். 106-இல் அலனின் வாலினாகியிருந்தது, 108-இல் ஆஸ்பார்டிக் அமிலம் ஆஸ்பரஜினாகியிருந்தது. கட்டுரையின் பொன்னான இடம் எனக்கு இந்த 108-தான். ஆர்.என்.ஏ-வுக்கும் டி.என்.ஏ-வுக்கும் உள்ள வேறுபாடு சர்க்கரையில் ஒரே ஒரு ஆக்சிஜன், ஆர்.என்.ஏ-வில் இரண்டாம் இடத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி உண்டு, டி.என்.ஏ-வில் இல்லை. டாட்-ஏ-வின் 108-ஆம் அமிலம் அந்த ஹைட்ராக்சிலைத்தான் கைபிடித்துப் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. 'நீ ஆர்.என்.ஏ-வா?' என்று கேட்கும் விரல் அது. தட்டில் பிழைத்த பாக்டீரியாக்கள் அந்த விரலை மழுக்கியிருந்தன. அங்கே மழுக்குங்கள் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இது முதல் சுற்று. மனித செல்லில் போட்டபோது திறன் சொற்பம். ஆனால் பூஜ்யம் இல்லை. அதன்பின் சுற்றுக்குச் சுற்று மருந்தின் அளவைக் கூட்டினார்கள், வேறு எதிர்ப்பு மரபணுக்களைக் கொண்டுவந்தார்கள், ஒரே நேரத்தில் இரண்டு பிழைகளைத் திருத்தினால்தான் பிழைக்க முடியும் என்று கெடுபிடி செய்தார்கள். ஏழு சுற்றுகளுக்குப் பின் கிடைத்த அடினின் எடிட்டருக்குப் பெயர் ஏ.பி.இ 7.10. அதில் டாட்-ஏ-வின் பதினான்கு அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. மனித செல்களில் சுமார் 50 சதவீதத் திறன். வேண்டாத எழுத்து நீக்கமோ சேர்க்கையோ 0.1 சதவீதம்கூட இல்லை. 2017 அக்டோபரில் கட்டுரை வந்தது.

இந்த ஆய்வின் பெருமையில் யாருக்கு எவ்வளவு என்று கேட்டால், தட்டுகளை ஊற்றியவருக்கும் பூஜ்யத்தில் இறங்கத் துணிந்தவருக்கும் சம பங்கு என்பேன். பரிசுப் பட்டியல்கள் அப்படிப் பிரிப்பதில்லை.

பூஜ்யம் இல்லை என்றானதும் காயல் உதவிக்கு வந்தது. 2020-இல் ஏ.பி.இ 7.10-ஐ ஃபேஜில் ஏற்றி ஓடவிட்டுக் கிடைத்தது ஏ.பி.இ 8இ, எழுத்தை மாற்றும் வேகம் 590 மடங்கு கூடியிருந்தது. 2011-இல் உருவான முறையும் 2017-இல் உருவான நொதியும் சந்தித்த இடம் அது. 2022-இல் இதைவிட வேடிக்கை: அதே டாட்-ஏ-வை மறுபடி காயலில் விட்டு, இம்முறை சைட்டோசினைத் தொடும்படி பழக்கிவிட்டார்கள்.

பழைய குணம்

வெற்றிக் கதையாகவே சொல்லிக்கொண்டு போனால் ஆய்வு அரைகுறை. 2019 இந்தத் துறைக்கு ஒரு கசப்பான ஆண்டு. முதலில், எலிக் கருக்களில் சைட்டோசின் எடிட்டர் மரபணுத் தொகுப்பு முழுவதும் எங்கெங்கோ ஒற்றை எழுத்துகளை மாற்றிவிடுகிறது, வழக்கத்தைவிட இருபது மடங்குக்கு மேல் என்று ஒரு குழு காட்டியது. நெற்பயிரிலும் அதே முடிவு. இரண்டாவது அடி ஆர்.என்.ஏ-வில். சைட்டோசின் எடிட்டர் செல்லின் ஆர்.என்.ஏ-வில் பல்லாயிரக்கணக்கான எழுத்துகளை மாற்றிவைக்கிறது. அடினின் எடிட்டரும் தன் பங்குக்கு ஆர்.என்.ஏ-வைத் தொடுகிறது.

யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. அப்போபெக்1-இன் பிறவி வேலை குடலில் ஓர் ஆர்.என்.ஏ-வைத் திருத்துவது. டாட்-ஏ ஆர்.என்.ஏ-விலேயே பிறந்து வளர்ந்தது. தட்டில் கேட்ட கேள்வி 'டி.என்.ஏ-வைத் தொடுவாயா?' என்பது. 'ஆர்.என்.ஏ-வை விட்டுவிடுவாயா?' என்று யாரும் கேட்கவில்லை. பிழைப்பதற்கு எது தேவையோ அதை மட்டும் புரதம் கற்றுக்கொண்டது. முதல் கட்டுரைகளில் பக்கவிளைவுகளைத் தேடாமல் இல்லை. காஸ்9 வழிதவறி உட்காரக்கூடிய இடங்களைத் தேடினார்கள். தலையில் ஒட்டிய நொதி தன்பாட்டில் அலைவதைத் தேடவில்லை. குழுவின் கவனம் வழிகாட்டியின் மீதே இருந்தது என்பது என் ஊகம்.

திருத்தம் வந்த விதம் சுவையானது. டாட்-ஏ-வின் 106-ஆம் இடத்தில் முதல் சுற்றிலேயே வாலின் வந்தது நினைவிருக்கும். அதே இடத்தில் அதைவிடப் பருமனான டிரிப்டோஃபானை வைத்ததும் ஆர்.என்.ஏ மீதான கைவரிசை வெகுவாகக் குறைந்தது, டி.என்.ஏ வேலை பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. முன்பு பாக்டீரியாக்கள் தேர்ந்தெடுத்த இடம். இம்முறை மனிதர்கள் யோசித்து வைத்த மாற்றம்.

எட்டாதவை

சைட்டோசின், அடினின் எடிட்டர்களால் எல்லாத் திரிதலையும் திருப்ப முடியாது. அரிவாள் செல் சோகை அடினின் தைமினாக மாறியதால் வருவது. அதைத் திரும்ப அடினினாக்கும் வழி இந்த எடிட்டர்களிடம் இல்லை. ஆனால் எதிர் இழையில் உள்ள அடினினைக் குவானினாக்கலாம். அப்போது ஹீமோகுளோபினில் வாலின் இருந்த இடத்தில் அலனின் வரும். இயல்பான குளுட்டாமிக் அமிலம் அல்லதான். ஆனால் 'மக்காசர்' என்ற பெயரில் மனிதர்களிடம் ஏற்கெனவே காணப்பட்ட, தீங்கு செய்யாத வடிவம் அது. 2021-இல் எலிகளில் இதைச் செய்து காட்டினார்கள். பிழையைத் திருத்த முடியாவிட்டால் பிழையில்லாத இன்னொரு சொல்லைப் போடலாம் என்ற வழி.

அதே 2021-இல் இன்னொரு எலி ஆய்வு. குழந்தைகளை அகால முதுமையில் தள்ளும் புரோஜீரியா நோய்க்குக் காரணம் சைட்டோசின் தைமினான ஒரே எழுத்து. மனிதப் பிழையைச் சுமந்த எலிகளுக்கு அடினின் எடிட்டரை ஒரே ஒரு ஊசியாகக் கொடுத்ததில் இடைநிலை ஆயுள் 215 நாளிலிருந்து 510 நாளானது.

எந்த எழுத்தையும் எந்த எழுத்தாகவும் மாற்ற, சில எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, 2019-இல் ஆண்ட்ரூ அன்சலோனோடு சேர்ந்து 'பிரைம் எடிட்டிங்' வந்தது. வழிகாட்டி ஆர்.என்.ஏ-வின் வாலிலேயே புதிய வாசகத்தை எழுதி அனுப்பி, ஆர்.என்.ஏ-வைப் பார்த்து டி.என்.ஏ எழுதும் நொதியை வைத்துப் படியெடுக்கும் முறை. அது தனி ஆய்வுக்கு உரியது.

நோயாளியிடம்

2022-இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் டி-செல் ரத்தப் புற்று நோயால் வழியற்று நின்ற பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு, கொடையாளியின் டி-செல்களை, அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களை, சைட்டோசின் எடிட்டரால் பல இடங்களில் திருத்திக் கொடுத்தார்கள். டி-செல்லை வேட்டையாட அனுப்பும் செல்லும் டி-செல்தான் என்பதால், ஒன்றையொன்று தின்றுவிடாமல் அடையாளங்களை அழிக்க வேண்டியிருந்தது. ஒரே செல்லில் பல இடங்களை வெட்டினால் முனைகள் மாறி ஒட்டிக்கொள்ளும். வெட்டாத எடிட்டருக்கு அந்தத் தொல்லை குறைவு.

உடம்புக்குள்ளேயே கல்லீரலைத் திருத்தும் முயற்சியும் அதே ஆண்டு தொடங்கியது. கெட்ட கொழுப்பைக் குறைக்க ஒரு மரபணுவில் ஒரே ஒரு அடினினை மாற்றும் மருந்து அது. 2024-இல் சோதனையில் ஆள் சேர்ப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. சந்தேகம் எடிட்டர் மீது விழவில்லை, அதைச் சுமந்து சென்ற கொழுப்புத் துகள் மீது விழுந்தது. அடுத்த மருந்தில் அந்தத் துகளை மாற்றினார்கள். எழுத்தைத் திருத்துவதைவிட அந்த எழுத்திடம் போய்ச் சேருவதுதான் இன்று கடினமான வேலை. கல்லீரலும் ரத்தமும் எட்டுகின்றன. மூளையும் தசையும் அவ்வளவு எளிதாக எட்டுவதில்லை.

2025 மே மாதம் வெளியான ஒரு நோயாளி விவரத்தோடு முடிக்கிறேன். அமோனியாவை அகற்றும் நொதி ஒன்று இல்லாமல் பிறந்த கைக்குழந்தை. பிழை அந்தக் குழந்தைக்கே உரியது. அதே பிழைக்கு வேறு நோயாளிகளைத் தேடி மருந்து செய்யக் காத்திருந்தால் காலம் போய்விடும். பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் ரெபெக்கா அஹ்ரென்ஸ்-நிக்லஸ், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கிரண் முசுனூரு குழு அந்த ஓர் எழுத்துக்காக ஓர் எடிட்டரை ஆறு மாதத்தில் தயாரித்தது. உள்ளே இருந்தது ஏ.பி.இ 8இ குடும்பத்து டாட்-ஏ. பிப்ரவரியில் முதல் ஊசி, பிறகு இன்னும் இரண்டு.

கல்லீரலில் எத்தனை செல்கள் திருந்தின? தெரியாது. அவ்வளவு சிறிய குழந்தையின் கல்லீரலில் ஊசி போட்டுத் திசு எடுப்பது ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் பார்த்தது வேறு: உணவில் புரதத்தைக் கூட்ட முடிகிறதா, அமோனியாவை இழுக்கும் மருந்தைக் குறைக்க முடிகிறதா. புரதம் கூடியது. மருந்து தொடங்கிய அளவில் பாதிக்கு வந்தது. சளிக்காய்ச்சல் வந்து போனது, குழந்தை தாங்கியது.